அறுப்பின் பண்டிகை ஏலத்தில் நான் எடுத்த கட்டு

அந்த வருடம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலப் பணம் முழுவதும் தஞ்சாவூரில் நடக்கும் வாய்ப்புற்றுநோய் ஆராய்ச்சிக்கு என்று போதகர் அறிவித்தார். காணிக்கையாக வந்த பூசணிக்கும் வாழைத்தாருக்கும் போட்டி இருந்தது. யாரோ வைத்திருந்த வெற்றிலை புகையிலைக் கட்டை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. தினமும் அதை மெல்லுகிறவன் என்பதால், கூச்சத்தை விட்டு நான் கை தூக்கினேன்.

"ஆளப் பாருங்க, புத்துநோய்க் காசுக்குப் புகையிலைய ஏலம் எடுக்குறாரு எங்க மாமா!" என்று மச்சினன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய்விட்டுச் சிரித்தேன்.

பணத்தைப் பெற்றுக்கொள்ள வந்திருந்த, அந்த ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் என் பக்கம் வந்தார்.

"அண்ணே, வாயை நல்லா திறங்க."

திறந்தேன்.

"இன்னும்."

"அவ்வளவுதாம்மா வருது."

"காரம் பட்டா எரியுதா?"

"ரொம்ப நாளா."

அவர் குரல் தாழ்ந்தது. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. தனியா வராதீங்க."

மகன் துபாயில் இருந்தான்; மனைவியிடமோ சிரித்துக்கொண்டிருந்த மச்சினனிடமோ சொல்ல மனம் வரவில்லை. யாரைக் கூட்டிப் போவது என்று தெரியாமல் கட்டைப் பிடித்தபடி நின்றேன். வேறு யாருடைய நோய்க்கோ கொடுக்கிறோம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.