இரண்டாவது சாவி

நெஸ்டர் புரோகோப் இருபத்தேழு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கனடாவில், டாஃபின் டவுனுக்கு வடக்கே, மைலுக்கு ஒரு ரோடு என்று கட்டம் போட்டுக் கிடக்கும் அந்த வயல்வெளியில் அவர் பிள்ளை ஏற்றாத வீடு கிடையாது. ரோடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகிப் போகும் பனிப்புயலிலும் வேலிக்கம்பங்களைப் பார்த்தே ஓட்டிவிடுவார். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதரை அறுபத்தாறாவது வயதில் வலிப்பு வந்து வீட்டில் உட்கார வைத்தது. செப்டம்பரில் ஒரு முறை, தானியக் கொட்டகைக்குப் பக்கத்தில், யாரும் பார்க்காமல். அக்டோபரில் இரண்டாவது முறை, சர்ச் விருந்தில், தட்டு நிறைய பெரோகிக் கொழுக்கட்டையோடு, ஊரே பார்க்க. டாக்டர் நல்ல பெண்தான். ஆனால் சட்டப்படி எழுதிப் போட வேண்டியதை எழுதிப் போட்டாள். லைசென்ஸ் போயிற்று. ஒரு வருடம் வலிப்பு வராமல் இருந்தால் மறுபடி பார்க்கலாம் என்று கடிதம் வந்தது.

அந்தப் பக்கத்தில் யாரும் காரிலிருந்து சாவியை எடுப்பதில்லை. எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று சொன்னது போல. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் புரோகோப் வீட்டுக் கார்ச்சாவி காரிலேயேதான் தொங்கியது. கடிதம் வந்த வாரம் அவருடைய மனைவி வெர்னா போய்ச் சாவியை உருவி, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நெஸ்டர் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். திருடனுக்குப் பயந்து சாவி எடுத்தவர்களை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். புருஷனுக்குப் பயந்து எடுத்தவளை அன்றுதான் பார்த்தார்.

இரண்டாவது சாவி எங்கே என்று அவள் கேட்டபோது, தொலைந்துவிட்டது, அறுவடையில் வயலில் எங்காவது விழுந்திருக்கும் என்றார். சாவி பட்டறையில், பழைய போல்ட்டுகள் போட்ட காபி டின்னுக்குள் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஆனால் வெர்னா அந்தச் சோற்றைக் கிளறிப் பார்க்கவில்லை. அவர் சொன்னதை நம்பினாள்.

வெர்னாவுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இத்தனை வருடமும் அதிகாலையில் காரைக் கிளப்பிச் சூடாக்கி, கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி வைப்பது நெஸ்டரின் வேலையாக இருந்தது. இந்தக் குளிர்காலத்தில் அவள் அதற்கும் தடை போட்டாள். மைனஸ் முப்பத்தைந்தில் முற்றத்தில் விழுந்தால் எழுப்ப யார் இருக்கிறார்கள், நான் வெளியே வந்து பார்க்கும்போது விறகுக் கட்டையாகக் கிடப்பாய் என்றாள். நியாயம்தான். நியாயமாக இருப்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அநியாயமாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

ஆக, அவருடைய உலகம் சமையலறை, பட்டறை, இரண்டுக்கும் நடுவில் நாற்பது அடி என்று சுருங்கியது. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுவது என்பார்கள். அதற்கும் குதிரை வேண்டும். பட்டறைக்குப் போகும்போது வெர்னாவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், போய்ச் சேர்ந்ததும் விளக்கைப் போட்டு அணைத்துக் காட்ட வேண்டும். அறுபத்தாறு வயது ஆண்பிள்ளை, பெரிய பஸ்ஸை ஓட்டியவர், விளக்கைப் போட்டு அணைத்துக் காட்டினார்.

டிசம்பரில் மூன்று முறை அவர் காரை எடுத்தார். வெர்னா இரண்டரைக்கு வீடு திரும்பினால் சாப்பிட்டுவிட்டு நாலு மணி வரை அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். அந்த நேரத்தில் காபி டின்னிலிருந்து சாவியை எடுத்து, ஒரு மைல் போய் ஒரு மைல் திரும்பி வந்தார். முதல் நாள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். இரண்டாம் நாள் ரேடியோ போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள், கண்ணை மூடித் திறந்தது போல இருந்தது, அவ்வளவுதான். காரின் மூக்கு பனிக்குவியலில் புதைந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. எப்போது திரும்பினார், எப்படி நின்றார், ஒன்றும் தெரியவில்லை. நின்ற இடம் பக்கத்துப் பண்ணை மார்லி வீட்டுப் பாதை முனை. மார்லியின் பேரப்பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கும் இடம். அதே இடத்தில் அவர்களுடைய அப்பனையே இவர் இறக்கிவிட்டிருக்கிறார். பஸ் மூன்று ஐம்பதுக்கு வரும். கார்க் கடிகாரம் மூன்று நாற்பது என்றது.

காரைப் பின்னால் எடுத்து, வீடு வந்து, பம்பரில் ஒட்டிய பனியைத் துடைப்பத்தால் தட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்தச் சாவியைத் தொடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. அது அங்கே இருக்கிறது என்ற ஒரு நினைப்பு அவருக்கு வேண்டியிருந்தது. வெட்கக்கேடான விஷயம்தான். மனிதனுக்கு இப்படியும் சிலது வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்திக் காரைக் கிளப்பும் ரிமோட் ஸ்டார்ட்டரை அவர்தான் தபாலில் வரவழைத்தார். வெர்னாவுக்காக என்று சொன்னார், அது உண்மையும்கூட. டவுனில் போட்டுக் கொடுக்க ஆள் இருந்தார்கள். நான் எதற்கு இருக்கிறேன் என்றுவிட்டார். கறுப்புப் பெட்டி ஒன்று, வயர் கொத்து ஒன்று, கைக்கு அடக்கமாக ரிமோட் ஒன்று. சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது மார்லி காபிக்கு வந்தார். மார்லி வீட்டுக் காரில் இது ஏற்கனவே உண்டு.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோ நெஸ்டர்," என்றார் மார்லி, வால்நட் கேக்கை மென்றுகொண்டே. "இதை அழுத்தினா எஞ்சின் மட்டும்தான் ஓடும். சாவி போடாம பிரேக்கை மிதிச்சா செத்துப் போயிடும். உனக்குன்னே செஞ்ச வண்டிப்பா. உறுமும், நகராது."

நெஸ்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். மார்லி போன பிறகு தாளை மறுபடி கையில் எடுத்தார்.

பெட்டியோடு வந்த அந்தச் செய்முறைத் தாளின் நான்காம் பக்கத்தில்தான் வினை இருந்தது. அவர்கள் காரின் சாவித் தலைக்குள் சின்ன சிப் ஒன்று உண்டு. அது அருகில் இல்லாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. ஆகவே ஸ்டார்ட்டர் போடுகிறவன் இன்னொரு சாவியைச் சின்னப் பெட்டியில் அடைத்து, டேஷ்போர்டுக்கு அடியில் கட்டி வைத்துவிட வேண்டும். கையில் ஒரு சாவி, வண்டிக்குள் ஒரு சாவி. புதுச் சாவி போட வேண்டுமென்றால் பிராண்டனுக்குக் காரைக் கொண்டுபோக வேண்டும், இரண்டு மணி நேர ஓட்டம். டவுன் வரை போவதற்கே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் வெர்னா பனியில் பிராண்டனுக்குப் போக மாட்டாள்.

பெட்டியில் ஒரு பாகம் குறைகிறது, எழுதிப் போட்டிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னார். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். அவள், சரி, வரட்டும் என்றாள். வரப்போவது ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும்.

ஜனவரி ஏழில் வரும் அவர்களுடைய உக்ரேனியக் கிறிஸ்துமஸ் கழிந்த அடுத்த வாரம் குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு முன்னால் வெர்னா காரைக் கிளப்பப் போனாள். நெஸ்டர் ஜன்னலில் நின்று பார்த்தார். இரவெல்லாம் எஞ்சினைச் சூடாக வைத்த கரண்ட் வயர் பிளக்கோடு உறைந்து பிடித்துக்கொண்டது. கையுறையோடு முடியாமல், அதைக் கழற்றிவிட்டு இழுத்தாள். கதவும் ஒட்டிக்கொண்டது. அவர் பூட்ஸை மாட்டி, கதவைத் திறந்து, வெளியே கால் வைத்துவிட்டார். அங்கிருந்தே அவள் கையை ஓங்கி, உள்ளே போ என்று காட்டினாள். அவர் உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவளுடைய மூன்று விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தாள். உணர்வு திரும்பும்போதுதான் வலி. வெர்னா அழுகிற ஜாதி இல்லை. அன்று மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். இன்னும் ஒன்பது மாதம் வலிப்பு இல்லாமல் இருந்துவிட்டால் அவருக்கு லைசென்ஸ் தருவார்கள். இந்த விரலுக்கு யார் என்ன தருவார்கள்? நெஸ்டர் பட்டறைக்குப் போனார், விளக்கைப் போட்டு அணைத்துக் காட்ட வீட்டில் ஆளில்லை, காபி டின்னைக் கவிழ்த்தார்.

ஞாயிறு மதியம் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியது வெர்னாதான். விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாகம் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றார். நெஸ்டர் டிரைவர் சீட்டில் தலைகீழாக மல்லாந்து, கால் கதவுக்கு வெளியே தொங்க, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் நுழைத்துக்கொண்டார். முதுகில் சீட் விளிம்பு அழுத்தியது. ஒரு கை வயர்களுக்குள், இன்னொரு கை மடங்கி முதுகுக்கடியில். அவளை விளக்குப் பிடிக்கச் சொன்னார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிடித்தாள்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொரு வயராகக் கண்டுபிடித்தார். எப்போதும் கரண்ட் ஓடும் தடித்த சிவப்பு, சாவி திருகினால் உயிர் வரும் வயர், பிரேக் வயர். எல்லாவற்றையும் சீவி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றினார். சாவிப் பெட்டியை முந்தின நாளே, அவள் மதியம் தூங்கும்போது, உள்ளே கட்டிவிட்டார். இன்னும் கால்மணி நேரம், மூடியைத் திருகிவிட்டால் முடிந்தது.

ஆனால் விளக்குப் பிடிக்கிறவளுக்கு இன்னொரு கை சும்மா இருந்தது. அதில் அந்தத் தாள் இருந்தது.

"நெஸ்டர், இதுக்கு இன்னொரு சாவி வேணும்னு போட்டிருக்கே."

அவருக்கு அவள் முகம் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் வயரும் அவள் முழங்காலும்தான். எழலாமென்றால் மூன்று முறை புரண்டால்தான் எழ முடியும்.

"வச்சிட்டேன்," என்றார்.

"எங்க கெடச்சுது?"

நேற்றுக் கிடைத்தது, டின்னில் தற்செயலாக என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"தொலையவே இல்ல, வெர்னா."

அடுப்பில் விறகு வெடித்தது. அவள் விளக்கை அசைக்கவில்லை.

"ஓட்டினியா?"

"மூணு தடவை."

அப்புறம் மிச்சத்தையும் அப்படியே மல்லாந்தபடி சொல்லிவிட்டார். மார்லி வீட்டுப் பாதை முனை, பனிக்குவியல், ரேடியோ, மூன்று நாற்பது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். சொல்லச் சொல்ல விளக்கு வெளிச்சம் அவர் கையிலிருந்து மெல்ல நழுவிக் கால்மிதியில் போய் நின்றது. இருட்டில் அவர் கை வயரைப் பிடித்தபடியே இருந்தது.

வெர்னா கத்தவில்லை. அவள் தாளைத்தான் மறுபடி படித்தாள்.

"சிப் எங்க இருக்கு, தலையிலயா?"

"தலையில."

"தலை மட்டும் இருந்தா போதும், பல்லுப் பக்கத்தை அறுத்துட்டா பெட்டியில லேசா அடங்கும்னு போட்டிருக்கு. நீ அறுத்தியா?"

"இல்ல."

"ஏன்?"

அதற்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். "அக்டோபர்ல லைசென்ஸ் திரும்பக் கெடச்சா வேணுமில்ல."

"கெடச்சா என் சாவிய எடுத்துக்கோ. நான் பழையபடி பக்கத்துல உக்காந்துக்கறேன், எனக்கு அதைவிட சந்தோஷம் வேற கெடையாது," என்றாள். குரல் அங்கேதான் உடைந்தது. "அதை வெளிய எடு."

அவர் பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்ததை வெட்டி, அதைத் திறந்து, சாவியை எடுத்தார். புரண்டு புரண்டு எழுந்து, பட்டறை மேஜையில் இருந்த வைஸ் பிடியில் மாட்டி இறுக்கினார். தலை இந்தப் பக்கம், பல் அந்தப் பக்கம். ஆணியில் தொங்கிய ஆக்ஸா பிளேடை எடுத்தார். சாவியின் மேல் வைத்தார். கை ஓடவில்லை. வலிப்பு வருகிறதோ என்று ஒரு கணம் பயந்தார். அது இல்லை, வெறும் கை.

வெர்னா அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். கட்டுப்போட்ட விரல்களோடு பிடித்து, முன்னும் பின்னும் ஒரே மூச்சாகத் தேய்த்தாள். பிளேடு வழுக்கி வழுக்கிப் போனது. சாவியில் ஒரு பளபளப்பான கோடு மட்டும் விழுந்தது. இப்படியே விட்டால் அவள் கை ஓய்ந்து நிறுத்திவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்தது. பேசாமல் நின்றால் போதும்.

"தள்ளும்போது மட்டும் அழுத்து," என்றார் நெஸ்டர். "இழுக்கும்போது விட்டுடு."

அவள் அப்படிச் செய்தாள். பிளேடு பிடித்தது. சாவி ஆடாமல் இருக்க அவர் தலைப் பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பத்துப் பன்னிரண்டு இழுப்பில் பல்லுப் பக்கம் துண்டாகித் தரையில் விழுந்தது.