சொல்லாமல் விட்ட 'வாங்க'

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் ஓவியப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே எனக்கு மாடல் வேலை. மேடையில் நான் அசையாமல் உட்கார, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து என்னைப் பார்த்து வரைவார்கள்.

அதற்கு முன்னால் யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம், ஒரு கிடங்கில் மற்றப் பெண்களோடு முறத்தில் சுக்கு பொறுக்கித் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்களை வரைய வந்த ஓவிய மாஸ்டர்தான் இந்த வேலைக்குக் கூப்பிட்டார். தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாய் ஓயாது, தூக்கத்தில்கூடப் பேசுவேன். மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர், "நான் மூட்டையத் தூக்கறேன், நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரு" என்று கேலி செய்தாரே தவிர, ஒருநாளும் தடுத்ததில்லை.

சும்மா உட்காருவதுதானே என்று நினைப்பவர்கள் ஒருதரம் உட்கார்ந்து பாருங்கள். முதலில் மூக்கு அரிக்கும். அப்புறம் கால் மரத்துப்போகும். அந்த நேரம் பார்த்து ஒரு ஈ வரும். அசைந்தால் எல்லார் படமும் போச்சு. இடையில் மணி அடித்தால் கொஞ்சம் ஓய்வு. இறங்குவதற்கு முன் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார் மாஸ்டர். திரும்பி வந்ததும் பாதம் அதே கோட்டுக்குள் இருக்க வேண்டும். புடவை மடிப்பும் அப்படியே விழ வேண்டும். என் கால் கோட்டைவிட்டு நூலளவு விலகியதில்லை. அதில் எனக்குக் கர்வமே உண்டு, மறைப்பானேன்!

அப்போது என் தங்கைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அப்பா அம்மா இல்லாத வீடு, எல்லாவற்றுக்கும் நான்தான். எர்ணாகுளத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த தமிழ்க் குடும்பம். பையனுக்கு இவளைப் பிடித்துவிட்டது, இவளுக்கும் அவனை. பூ வைக்க நாள் பார்க்கும் நேரத்தில், யாரோ பையனின் அம்மா காதில் ஓதிவிட்டார்கள், அக்காக்காரி துணியில்லாமல் படத்துக்கு உட்காருகிறாள் என்று. அதோடு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை. தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அவள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்த வாரமே பிள்ளைகளுக்குக் கடைசி வருடப் பரீட்சை. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். நூல் புடவையும் மடியில் முறமுமாக நான் மேடையில். சுக்கு பொறுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட்டது போலவும், நான் நிமிர்ந்து பார்ப்பது போலவும் உட்கார வைத்திருந்தார்கள்.

உட்கார்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. அதே வாசலில் பையனின் அம்மா வந்து நின்றார். தன் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று எர்ணாகுளத்திலிருந்து படகேறி வந்திருக்கிறார்.

எனக்கு உயிரே போய்விட்டது. நம் ஆட்களிடம் வந்தவரை 'வாங்க' என்று சொல்லாதது எவ்வளவு பெரிய குற்றம்! அந்த ஒரு வார்த்தை விட்டுப்போனதால் கல்யாண வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவரோ சம்பந்தியம்மா. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருக்கிறேன்.

"ஏம்மா, ஒன்னத்தான். ஆளு வந்து நிக்கறது தெரியலியா?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். வாய் திறந்தால் முகம் மாறும், எழுந்தால் எல்லாமே போகும். திறக்காவிட்டால் தங்கையின் கல்யாணம் போகும். அந்தப் பிள்ளைகளின் படிப்பு முழுதும் அன்று என் கழுத்துச் சாய்வில்தான் இருந்தது. கண் கரித்தது, துடைக்கக் கையைத் தூக்க முடியாது. நான் அசையவில்லை.

தேர்வாளர் எழுந்து போய், "அம்மே, பரீட்சயாணு. மிண்டாதெ அவிடெ இரிக்கு" என்று, பேசாமல் உட்காரச் சொல்லி ஒரு முக்காலியைக் காட்டினார். சம்பந்தியம்மா முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மணி அடித்ததும் மரத்த காலோடு நொண்டிக்கொண்டு ஓடினேன். "வாங்க அத்தை, வாங்க வாங்க" என்று கையைப் பிடித்தேன். "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதாக்கும்?" என்றார். பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மணி. மறுபடி மேடை, சாக்பீஸ் கோடு, அதே மடிப்பு, அதே பார்வை. கிளம்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. முக்காலியில் அவரும் என்னைப் போலவே அசையாமல் உட்கார்ந்து பார்த்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சொறிந்துகொண்டார். அப்புறம் காலை மாற்றினார். எனக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டேன்.

பரீட்சை முடிந்ததும் எழுந்து ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"எல்லாத்துலயும் வாங்கன்னு சொல்லப்போற மாதிரியே இல்ல இருக்கே! நேருல மட்டுந்தான் வாயத் தொறக்கல."

படகுத்துறைவரை கூடப் போனேன். வழியெல்லாம் மூச்சுவிடாமல் பேசினேன், அடக்கி வைத்ததெல்லாம் கொட்டியது. அவர் படகைப் பார்த்தே நடந்தார். படகில் கால் வைக்கும்போதுதான் திரும்பினார்.

"வந்தவள வாங்கன்னு கேக்கலேன்னு ஊரெல்லாம் சொல்லத்தான் போறேன். ஏன் கேக்கலேன்னும் சேத்துச் சொல்லுவேன். பூ வைக்க எப்ப வரட்டும்?"

துறையிலேயே அழுதுவிட்டேன். கல்யாணத்தன்று அவருடைய சொந்தக்காரர் ஒருவர், பெண்ணின் அக்கா என்ன செய்கிறாள் என்று இழுத்தார். நான் வாயெடுக்கும் முன்னே, "மாடல் உத்தியோகம். இவ போய் உக்காந்தாத்தான் அங்க பரீட்சையே நடக்கும்" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார் சம்பந்தியம்மா.

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த மேடையில் உட்கார்ந்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் நிழல் தட்டினாலே 'வாங்க' என்று கத்துகிறவள் நான்தான். ஆனாலும் என் தொழிலுக்கு நான் செய்த மரியாதை எது என்று கேட்டால், அன்று சொல்லாமல் விழுங்கிய அந்த ஒரு 'வாங்க'தான்.