டிவி மேல் குருவிக்கூண்டு

தொண்ணூறுகளின் நடுவில், விருத்தாசலத்தில் மாசி மகத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். நான் ஊரில் ஒரு செராமிக் யூனிட்டில் வேலை பார்த்தேன். வீட்டுக்கு வீடு கலர் டிவி வந்திருந்தது. அதன் தலைமேல் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும் இருந்தால்தான் கௌரவம். கடைத்தெருவில் சவுதியிலிருந்து திரும்பிவந்த பாய் ஒருவர் குருவிக்கடை வைத்திருந்தார். அவர் விற்ற கூண்டெல்லாம் டிவி மேல் உட்காரும் அளவுதான்.

ஊரோடு ஒத்து நானும் வாங்கினேன். ஆண் குருவி சிறகை விரிக்கும்போதெல்லாம் கம்பியில் அடித்துக்கொள்ளும். ஒருநாள் சிறகு நுனியில் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு வந்ததே கோபம்! நேரே கடைக்குப் போய்விட்டேன்.

"ஏன் பாய், றெக்க விரிக்க எடமில்லாத கூண்ட விக்கலாமாங்க? சூளையில அடுக்குற டீ கப்புக்கே ஒண்ணோட ஒண்ணு படாம எடம் வுடுறோம்!"

"கப்பு சூட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், குருவி ஒட்டாதுங்கம்மா" என்று சிரித்தார். "பெரிய கூண்டு டிவி மேல நிக்காது. யாரு வாங்குவாங்க?"

வேலை முடிந்ததும் நானும் என்னோடு வேலை பார்த்த தோழியும் வீடு வீடாகப் போனோம். 'சிறகை முழுசாக விரித்தால் எந்தப் பக்கமும் கம்பி படக்கூடாது.' இது ஒன்றுதான் எங்கள் கோரிக்கை. டீ கொடுத்தார்கள், சிரித்தார்கள், குருவி சங்கத் தலைவி என்று பட்டமும் கொடுத்தார்கள். கூண்டு மட்டும் மாறவில்லை. பாய் கடையிலோ திருவிழா விற்பனைக்குச் சின்னக் கூண்டுகள் கூரை வரை ஏறிவிட்டன. அத்தனையிலும் குருவி அடைபடப்போகிறது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது: குருவி படும் பாட்டை நானே அடைபட்டு உட்கார்ந்து ஊருக்குக் காட்டுவது. கக்கூஸ் பேசின் வைத்து அனுப்புவோமே, இடைவெளி விட்டுச் சட்டம் அடித்த மரப்பெட்டி, அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, தள்ளுவண்டியில் ஏற்றிப் பாய் கடை வாசலில் இறக்கினோம். நான் உள்ளே குந்திக்கொண்டேன். மூடியைச் சும்மா மேலே வைக்கச் சொல்லியிருந்தேன். தோழி பேக்கிங் செக்‌ஷன். மூடியைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்குமா? டொக் டொக்கென்று நாலு மூலையிலும் ஆணி அடித்துவிட்டாள். வைக்கோல் திணிக்காததுதான் பாக்கி.

கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் சட்டத்தின் இடுக்கு வழியாக வேர்க்கடலை நீட்டினார். "எக்கா, கீச்சுகீச்சுன்னு கத்து!" என்றது ஒரு குரல். முதலில் நானும் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துவிட்டது. முட்டி நெஞ்சை அழுத்தியது.

"தொறடி!"

"ஆணி புடுங்கறது யூனிட்டுலயே இருக்குதுடி!" என்று தோழி அலறினாள். அவ்வளவுதான், வீராப்பெல்லாம் போய் நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

பாய்தான் கடப்பாரையோடு ஓடிவந்து மூடியை நெம்பினார். இழுத்து உட்காரவைத்துச் சோடா கொடுத்தார். நான் கை காலை நீட்டி நீட்டி மடக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சவுதியில எங்க ரூமுல மூணு அடுக்குக் கட்டிலுங்கம்மா. நான் மேல் தட்டு. எழுந்து ஒக்காந்தா தலை இடிக்கும். லீவுல வூட்டுக்கு வந்தா மொதல்ல மொட்டை மாடிக்குப் போயி கைய விரிச்சிக்கினு படுப்பேன்" என்றார். "எனக்கே தோணலியே, பாருங்களேன்."

மறுநாள் அவர் கடை வாசலில் உட்கார்ந்து, சின்னக் கூண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, நடுக்கம்பியை வெட்டி ஒன்றாக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்களிடம், "டிவி மேல வாணாங்க, ஜன்னலாண்ட மாட்டுங்க" என்று எனக்கு மேல் பிரசாரம் வேறு! முதல் இரட்டைக் கூண்டு என் வீட்டுக்குத்தான் வந்தது. அன்று அந்தக் குருவி சிறகை ஒருமுறை முழுசாக விரித்து, எதிலும் இடிபடாமல் மடக்கியபோது நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

இன்றைக்கும் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக யாராவது வந்து நின்றால், முணுமுணுக்காமல் ஒட்டி உட்கார்ந்து இடம் விடுகிறேன்; நெருக்கடி என்றால் என்ன என்று தெரியாமல்தான் கேட்கிறார்கள், அதைத் தெரிந்துகொள்ள, பாவம், அவர்களும் என்னைப்போல் ஒரு பெட்டிக்குள் போய் உட்காரவா முடியும்?