காஜாக்கா துக்கம் விசாரித்த விதம்

எங்கள் தையல் கடையில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கிற காஜா வேலை அவளுடையது, அதனால் காஜாக்கா. முதலாளிக்குக்கூட அவள் காஜாக்காதான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதற்காகச் சாது என்று நினைத்துவிடாதீர்கள். எதையும் மறக்கிற ரகமில்லை அவள்.

அவள் புருஷன் திடீரென்று போய்ச் சேர்ந்தபோது கடையில் பள்ளிச் சீருடை வேலை தலைக்குமேல் இருந்தது. துக்கம் விசாரிக்க எங்கள் கட்டிங் மாஸ்டர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை மனிதர். நின்றபடியே கேட்டார்: "சட்டையெல்லாம் காஜா எடுக்காம குவிஞ்சு கிடக்கு. எப்ப வர்ற?"

பிணம் இன்னும் வீட்டுக்குள் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே வயிறு எரிந்தது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடக்கம் முடிந்த கையோடு வேலைக்கு வந்தாள். வராவிட்டால் அந்த இடத்தில் மாஸ்டர் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். அழுத கண்ணோடு தைத்ததில் ஊசி விரலில் ஏறி, வெள்ளைச் சட்டையில் ரத்தப் பொட்டு விழுந்தது. "கண்ண எங்க வெச்சிருக்க?" என்று கத்தினார் மாஸ்டர். அந்த ஆளின் நாக்கும் கத்திரிதான். வெட்ட மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குக் குழாயடியில் விரலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அந்தாளு வீட்லயும் ஒரு நாள் இழவு விழும். அப்ப நானும் போயி இதையே கேப்பேன்."

"அக்கா, முதல்ல வாயக் கழுவுங்க."

"கேட்டுட்டுக் கழுவுறேன்டி."

வருஷங்கள் ஓடின. போன மாதம் மாஸ்டரின் மனைவி இறந்துபோனாள். அந்தம்மா பாவம், அவள் மேல் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. காஜாக்கா இஸ்திரி போட்ட துணியை உடுத்திக்கொண்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவள் மாதிரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"பழசெல்லாம் விட்டுருங்கக்கா" என்றேன்.

"நீ விடுவ. உன் புருஷன் உயிரோட இருக்கான்."

நாங்கள் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. மாஸ்டர் கூடத்தின் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். காஜாக்கா செருப்புக் காலோடு நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"துணியெல்லாம் வெட்டாம குவிஞ்சு கிடக்கு. எப்ப வர்றீங்க மாஸ்டர்?"

மாஸ்டர் நிமிர்ந்தார். செத்துக் கிடந்த முகத்தில் உயிர் வந்தது.

"நாளைக்கே வரட்டுமா? இந்த வீட்ல இருக்க முடியலம்மா. எங்க திரும்பினாலும் அவதான் நிக்கிறா. எல்லாரும் ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடுன்னு உயிர எடுக்கறாங்க. நீ ஒருத்திதான் வேலைக்குக் கூப்பிட்ட."

காஜாக்கா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை காலம் தீட்டி வைத்த கத்தியை அந்தாள் ஊன்றுகோலாக வாங்கிக்கொண்டார்! எனக்கு மனசு இளகிவிட்டது. அவளுக்கும் இளகியிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அவசரமே இல்ல மாஸ்டர். முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன். வேற ஆள வெச்சு வெட்டிக்கலாம். நீங்க ஒரு மாசம், ரெண்டு மாசம் வீட்லயே இருங்க. அந்தம்மாவ நெனச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க."

மாஸ்டரின் கை அவள் கையிலிருந்து நழுவியது. சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்ன ஒரு நல்ல மனசு!" என்று சொல்லி, அவர் மருமகள் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

காஜாக்கா அதை வாசலுக்கு எடுத்துவந்து, கொப்பளித்துத் துப்பினாள்.

"கழுவிட்டேன்டி" என்றாள்.