திருப்பித் தராத பலாப்பழம்

எங்கள் ஊர்க் கிளப்பு மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கூடும். கூடி என்ன செய்தார்கள் என்று அந்த வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், மணியடித்தார்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். தலைவருடைய மேஜையில் ஒரு பித்தளை மணியும் ஒரு மரச் சுத்தியலும் இருக்கும். மணியடித்தால் எல்லோரும் எழுந்து நின்று இங்கிலீஷில் ஏதோ உறுதிமொழி சொல்வார்கள். சுத்தியலால் தட்டினால் உட்கார்ந்துகொள்வார்கள். நடுவில், சட்டையில் பேட்ஜ் குத்தாமல் வந்தவருக்கு ஓர் அபராதம், தாமதமாக வந்தவருக்கு ஓர் அபராதம், பேரன் பிறந்தவருக்குச் சந்தோஷ அபராதம் என்று ஒன்று. அபராதக் காசெல்லாம் ஏழைகளுக்குப் போகிறது என்பார் அப்பா. ஊர்ப் பெரிய மனிதர்கள் கையிலிருந்து காசு கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்கிற இடம் அது ஒன்றுதான் என்பது அம்மாவின் கணிப்பு.

அப்பா அதற்குக் காரியதரிசி. ஹைஸ்கூல் வாத்தியாரைப் பெரிய மனிதர்களோடு சேர்த்துக்கொண்டதற்கு அவருடைய இங்கிலீஷ்தான் காரணம். தலைவர் ரைஸ்மில் முதலாளி. அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் கார் இருந்தது. மற்றவர்கள் வக்கீல், டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், ஆலங்குடிப் பக்கம் தோப்பு வைத்திருந்த ஒருவர் என்று இப்படி. அந்த வருஷம் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குக் கட்டில் வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அதற்காகக் கடைத்தெருவில் உண்டியல் குலுக்கினார்கள். போகிறவர் வருகிறவர் சட்டையில் காகிதக் கொடி குத்திக் காசு கேட்டார்கள். கொடி குத்தப்பட்டவர்கள் அதைக் கழற்றாமல் ஒரு வாரம் வைத்திருந்தார்கள், மறுபடி குத்திவிடுவார்களே என்ற பயத்தில்.

இந்த வசூலுக்கெல்லாம் போக வரச் சைக்கிள் கொடுத்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கிளப்புக்காரர்களிடம் வாடகை வாங்க மாட்டார். பஞ்சராகி வந்தால் அவரே ஒட்டிக்கொள்வார். அவருக்கு அந்தப் பேட்ஜின் மேல் ஒரு கண். சைக்கிள் கடைக்காரரை எப்படிச் சேர்ப்பது என்று சிலர் இழுத்தார்கள். அப்பாதான், நான் பொறுப்பு, என் பெயரைக் கெடுக்க மாட்டார் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். மார்கழி மாதம் நடக்கும் குடும்பக் கூட்டத்தில் அவருக்குப் பேட்ஜ் குத்துவதாக ஏற்பாடு.

குடும்பக் கூட்டம் என்றால் வருஷத்தில் ஒரு நாள் பெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். பெண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து, ஆண்கள் மணியடிப்பதைப் பார்க்கலாம். கேசரியும் காபியும் உண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது. கேசரிக்காகப் போனேன்.

அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, அப்போது ஒரு மாதமாக வயிற்றுக் கோளாறு. என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். சோற்றைக் கண்டால் எழுந்து ஓடுவார். கஞ்சி குடித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். வளையல் கையில் நிற்காமல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மசக்கை என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு தடவையும் ஒன்றுமில்லாமல் போனதில், இந்தத் தடவை ஐந்து மாதம் தாண்டுகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று இருவரும் வைத்துக்கொண்டார்களாம். அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அம்மாவும் கேட்டுக்கொள்ளவில்லை. இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்த சங்கதி. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வீட்டு உத்தரத்தில் தூளி கட்டுகிற கொக்கி ஒன்று இருந்தது, அதில் தூளி இல்லை என்பது மட்டும்தான்.

கூட்டத்தின் முக்கியமான நிகழ்ச்சி ஏலம். அந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் ஒரு பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார். அதை இன்னொருவர் ஏலத்தில் எடுப்பார். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளைக் கிளப்புக்கே திருப்பித் தந்துவிடுவார். மறுபடி ஏலம் விடுவார்கள். இப்படியே எல்லோரும் ஒரு சுற்று எடுத்துத் திருப்பித் தந்து முடிந்த பிறகு அது எங்கே போகும் என்பதை யாரும் விசாரிப்பதில்லை. பெரும்பாலும் தலைவருடைய காரில் போகும். முந்தின வருஷம் ஒரு சேவல் எல்லோர் கைக்கும் மாறி மாறிப் போய், களைத்து, கடைசியில் மேஜையின் அடியில் தூங்கிவிட்டது.

அந்த வருஷம் தோப்புக்காரர் ஒரு பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். மார்கழியில் பலாப்பழம் ஏது? ஏதோ ஒரு மரம் காலம் தப்பிக் காய்த்திருந்தது. மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் அதை வைத்திருந்தார்கள். ஹால் முழுக்க வாசனை.

மாமாவுக்குப் பேட்ஜ் குத்தினார்கள். தலைவர் குத்தும்போது ஊசி சட்டையைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும், மாமா நெளிந்தார், ஆனால் சிரிப்பு மாறவில்லை. கைதட்டினோம். அடுத்து வக்கீல் எழுந்து சேவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேசரித் தட்டைக் கொண்டுவந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டவர், பலாப்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று என் காதருகே குனிந்தார்.

"ஆத்தா, மாமாக்கிட்டப் போயி, ஒரு சொளை கெடைக்குமான்னு கேட்டுட்டு வாரியா?"

நான் ஆண்கள் பக்கம் போய் மாமாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவர் என்னைப் பார்த்தார், தலையைத் திருப்பி அத்தையைப் பார்த்தார், பிறகு பழத்தைப் பார்த்தார்.

"அவளாக் கேட்டாளா?"

"ஆமா மாமா."

"சாப்புடுறேன்னு சொன்னாளா?"

எத்தனை தடவை கேட்பார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா எழுந்து அப்பாவிடம் போய், பழத்தை எப்போது அறுப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டார். அறுக்கிற பழக்கமில்லை, அது ஏலத்துக்கு உள்ளது, தொடக் கூடாது என்றார் அப்பா. மாமா திரும்பி வந்து உட்கார்ந்து, புதுப் பேட்ஜை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

ஜவுளிக்கடைக்காரர்தான் ஏலம் விடுகிறவர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பழம் ஒண்ணு. வாசனை இனாம். அஞ்சு ரூபா, அஞ்சு ரூபா."

டாக்டர் ஆறு என்றார். வக்கீல் ஏழு என்றார். முதல் சுற்று எப்போதும் அப்படிச் சோம்பலாகத்தான் போகும். மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இருவத்தஞ்சுங்க" என்றார்.

அப்பாவின் பேனா நின்றுவிட்டது. ஹாலே அதிர்கிற மாதிரி கைதட்டினார்கள். தலைவர் சுத்தியலைத் தட்டி, "பாத்தீங்களா, பேட்ஜு குத்தி அரை மணி ஆகல, நம்ம வழக்கத்த எப்புடிப் புடிச்சுக்கிட்டாரு" என்றார். மாமா கடை வாடகைக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்பாவிடம் கட்டினார். ஜவுளிக்கடைக்காரர் பழத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, திருப்பி வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியபடியே நின்றார்.

மாமா பழத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"இங்கிட்டுக் குடுங்க, அடுத்த ஏலம் விடணும்."

"இல்லீங்க, நான் கொண்டு போறேன்."

"எங்க கொண்டு போறீங்க?"

"வீட்டுக்குத்தாங்க."

நீட்டின கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஜவுளிக்கடைக்காரர் துண்டை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டார். அப்பா எழுந்து வந்தார்.

"மாப்பிள்ளை, வழக்கம் என்னன்னு ஒங்களுக்கு நேத்தே சொன்னேன்ல."

"சொன்னீங்க மச்சான்."

"பெறகு?"

"பழம் வேணும் மச்சான்."

அவ்வளவுதான் சொன்னார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. இதற்கு என்ன செய்யவேண்டும் என்று விதியில் இல்லை போலும், தலைவர் மணியை அடித்துவிட்டார். மணியடித்தால் எழுந்து நிற்பது பழக்கம். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அத்தனை மரியாதைக்கு நடுவே மாமா பலாப்பழத்தோடு வெளியே நடந்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார். பழம் போகிற பக்கம் நானும் போனேன்.

பழைய டியூபால் பழத்தைக் கேரியரில் கட்டி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம். மாமா கையிலும் அரிவாளிலும் தேங்காயெண்ணெய் தடவிப் பழத்தைப் பிளந்தார். முதல் சுளையை அத்தை கையில் கொடுத்துவிட்டு நிலைப்படியில் குந்திக்கொண்டார். அத்தை மென்றார். மாமா அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிய பிறகும் பார்த்துக்கொண்டிருந்தார். சுளை வெளியே வரவில்லை. இரண்டாவது சுளையும் உள்ளேயே தங்கியது. மாமா சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மார்கழிக் குளிரில் அவருக்கு வேர்த்திருந்தது. நீங்களும் சாப்பிடுங்கள் என்று அத்தை சொன்னதற்கு, எனக்கு வேண்டாம் என்றார். அவர் பங்கையும் நான் தின்றேன்.

மறுநாள் எனக்கு வயிறு பிடுங்கி எடுத்தது. அத்தைக்கு வந்த கோளாறுதான் எனக்கும் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

கிளப்பில் மாமாவுக்குப் பலாப்பழம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு ஏலம் பாதியில் நின்றதால் வசூலில் ஒரு கட்டில் குறைந்துபோனது. "ஒரு முழுக் கட்டிலத் தனியாத் தின்னு ஏப்பம் விட்ட மனுஷன்யா" என்று தலைவர் ஒவ்வொரு கூட்டத்திலும் மணியடித்துச் சொல்வார், சிரிப்பார்கள், பழத்தைக் கடத்தியதற்கு அபராதம் போடுவார்கள். மாமா தானும் சிரித்துக்கொண்டு அபராதத்தைக் கட்டுவார். ஒரு கூட்டத்துக்கும் போகாமல் இருந்ததில்லை, பேட்ஜையும் மறந்ததில்லை. அப்பாதான், முகத்தில் கரியைப் பூசிவிட்டார் என்று கொஞ்ச நாள் அவரோடு பேசாமல் இருந்தார்.

அத்தைக்குச் சோறு இறங்க ஆரம்பித்தது. கன்னத்தில் சதை வைத்தது. பலாக்கொட்டையைக் காயவைத்து, சாம்பாரில் போட்டு எங்களுக்கும் கொடுத்தனுப்பினார். ஒருநாள் நான் போனபோது, மாமா ஸ்டூலில் ஏறி நின்று உத்தரத்துக் கொக்கிக்குத் துருப்போக எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் கடைக்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணெய் போடத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனி முடிகிற சமயம். ஆலங்குடிப் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் பலாப்பழம் வந்து இறங்கத் தொடங்கியிருந்தது. அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வயிறு ரொம்ப மோசமாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கட்டில்கள் எல்லாம் புதிது. தலைமாட்டில் பச்சைப் பெயிண்டில் கிளப்பின் பெயர் எழுதியிருந்தது. நான் அதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்து, "அத்தை, இது நம்ம கிளப்புக் கட்டிலு" என்றேன். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமா கால்மாட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பேட்ஜ் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளப்புக்காரர்கள் வார்டுக்கு வந்து ஆளுக்கு இரண்டு பன் கொடுப்பார்கள். அன்றைக்குத் தலைவரே வந்தார், பின்னால் ஜவுளிக்கடைக்காரர் கூடையோடு. தலைவர் வாசலிலிருந்தே மாமாவைப் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, கட்டிலத் தின்ன ஆளு நமக்கு முன்னாடியே வந்து ஒக்காந்திருக்காரு."

சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தவர், கட்டிலில் யாரென்று பார்த்தார். நர்ஸம்மா அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பழம்..."

"ஆமாங்க."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாய்யா?"

"சொல்லலாம்னுதாங்க இருந்தோம். இன்னும் ஒரு மாசம் போகட்டும்னு பாத்தோம். இந்தத் தடவையும்..." என்றபடி மாமா எழுந்திருக்கப் பார்த்தார்.

நீங்கள் உட்காருங்கள், நாங்கள் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று தலைவர் அவர் தோளில் கை வைத்தார். மாமா எழுந்து ஜவுளிக்கடைக்காரரிடமிருந்து கூடையை வாங்கினார்.

"குடுங்க. இந்த வாரம் என் மொறை."

முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தார். ஆளுக்கு இரண்டு பன். குழந்தையை மடியில் வைத்திருந்தவர்களுக்குத் தலையணை ஓரத்தில் வைத்தார். வரிசையாக வந்து அத்தை கட்டிலுக்கும் வந்தார். அத்தை மெல்ல எழுந்து உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே இரண்டு கையையும் ஏந்தினார். மாமா இரண்டு பன்னை எடுத்து அந்தக் கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கூடை நிறைய பன் இருந்தது. சொந்த அத்தைக்கு ஒன்று அதிகமாகப் போட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு மாமா மேல் ஒரே ஆத்திரம். திரும்பி வரட்டும், கேட்டுவிடுவது என்று ஃபிளாஸ்கைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மாமா கடைசிக் கட்டில் வரைக்கும் கொடுத்து முடித்தார். காலிக் கூடையோடு அந்தப் பக்கத்து வாசல் வழியாகவே வெளியே போய்விட்டார்.