நாற்பது டிகிரிக் காய்ச்சல்

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய வருடம். மலாக்கா, காஜா பெராங்கில் இருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் நான் காய்ச்சலோடு படுத்திருந்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்த புதிது. டைபாய்டாக இருக்குமோ, வேலை போய்விடுமோ என்ற கவலையில் தூக்கமே இல்லை. கூரைப் பலகைகளை எண்ணி முடித்து, ஜன்னல் கம்பிகளையும் எண்ணிவிட்டேன்.

அப்போது அங்கே தாதிப் பயிற்சிக்கு ஐந்து பெண்கள் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் கடை வைத்திருந்த காரைக்கால் தமிழர்களின் பிள்ளைகள். அங்கே சண்டை வலுத்ததும் மலாக்கா உறவினரிடம் வந்தவர்கள். வீட்டுப் பேச்சு தமிழ், படித்ததெல்லாம் பிரெஞ்சு. இங்கே பாடம் ஆங்கிலத்தில். ஏதாவது கேட்டால் விழிப்பார்கள். தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வார்டு முழுக்கப் பேச்சு.

தாதியரை அந்நாளில் மிஸ்ஸி என்போம். ஒரு நாள் காலை, வார்டு தெர்மாமீட்டர் உடைந்துபோனதால், அந்த ஐவரில் ஒருத்தி சைகோனிலிருந்து கொண்டு வந்திருந்த தன்னுடையதை என் வாயில் வைத்தாள். பார்த்ததும் முகம் மாறிப் பெரிய மிஸ்ஸியிடம் ஓடினாள்.

“மிஸ்ஸி, நாற்பது இருக்கு. டாக்டரக் கூப்பிடணும்.”

“நாற்பதா? இந்த ஊரு சூட்டுல பொணத்துக்குக்கூட நாற்பது வராதுலா. போய் ஒழுங்காப் பாரு.”

பக்கத்துக் கட்டிலில் கால் உடைந்து கிடந்த லாரி டிரைவர், “வாத்தியாரே, ஐஸ் பெட்டிக்குள்ளயா படுத்திருக்கீங்க?” என்றார். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள். “நாற்பதுதான் மிஸ்ஸி. கொஞ்சம் கூடவே இருக்கு.”

“தெர்மாமீட்டர் பார்க்கத் தெரியாத பிள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நாளைக்கே பெட்டியக் கட்டு.”

அவள் வெளி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரைத் தானே போய் அழைத்து வந்துவிட்டாள். அவர் முதலில் என் கழுத்தில் கை வைத்தார். பிறகுதான் தெர்மாமீட்டரை வாங்கிப் பார்த்தார்.

“இது சென்டிகிரேட். நம்ம கணக்குல நூற்று நாலு. உடனே ஈரத்துணி கொண்டு வாங்க.” என்னைக் கவனித்து முடித்த பிறகு அவளிடம் கேட்டார்: “இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“வேற கணக்கு ஒண்ணு இருக்குன்னே தெரியாது டாக்டர்.”

அந்தப் பதில் டாக்டரை விடவில்லை. ஐவருக்கும் ஒரே கேள்விகளை ஆங்கிலத்தில் ஒருமுறையும், பிரெஞ்சு தெரிந்த பாதிரியார் ஒருவரின் துணையோடு பிரெஞ்சில் ஒருமுறையும் கொடுத்தார். எழுந்து உட்காரத் தொடங்கியிருந்த என்னிடம், அவர்கள் திருத்திய தாள்களில் தவறுகளை எண்ணும் வேலை வந்தது. ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் தவறு. பிரெஞ்சில் கைவிரலுக்குள் அடங்கிவிட்டது; அதுவும் அவுன்ஸ், கிரெய்ன் போன்ற ஆங்கிலேய மருந்து அளவுகளில்தான். நோயைப் பற்றி அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. டாக்டர் பாடத்தையே மாற்றினார். முதலில் அளவுகள், இரண்டு கணக்கிலும், தமிழில் விளக்கி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

சில மாதங்களில் ஐவரும் தேறினார்கள். அதற்கு முன்பே, நான் வீடு திரும்பிய அன்று, பெரிய மிஸ்ஸி அந்தப் பெண்ணிடம்தான் வார்டை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

பள்ளியில் ஒரு பிள்ளை தவறான விடை சொன்னால், அது எந்தக் கணக்கில் சரியாக இருக்கும் என்று கேட்டுப் பார்த்த பிறகே சிவப்பு மையைத் தொடுவேன். ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.