சாம்பார் வாளியைப் பிடித்த கை

என் கல்யாண ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கை இருக்கிறது. பந்தியில் நானும் மனைவியும் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். படத்தின் ஓரத்தில் மடித்துவிட்ட சட்டைக்கையும், சாம்பார் வாளியைப் பிடித்த விரல்களும் மட்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு சேராமல் வாளியின் பிடிக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது. அது யாருடைய கை என்று வெகுகாலம் நான் யோசித்ததே இல்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது போட்டோக்காரரைத் தேடி அக்காவோடு கிளம்பினேன். நான் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் நுழைந்தாலே எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். அக்காவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆனால் அவள் செய்த ஒரு காரியம் எனக்குப் புதிராக இருந்தது. முதல் கடையில் மாதிரி ஆல்பத்தை நீட்டினார்கள். கோயில் வாசலில் பெண், கடற்கரையில் மாப்பிள்ளை என்று பளபளத்த பக்கங்களை விறுவிறுவெனத் தள்ளிவிட்டு, பின்னாலிருந்த பந்திப் படங்களை மட்டும் உற்றுப் பார்த்தாள். "வேற கடை பாப்போம்" என்று எழுந்துவிட்டாள். மில்லர்புரத்துக் கடையிலும் அப்படியே. அங்கே ஒரு படத்தில் விரலை வைத்து, "வாளிய எடுத்திருக்கான், ஆள எடுக்கலியே" என்று முணுமுணுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், "பந்தியில அப்படி என்னத்தக்கா தேடுத?" என்று கேட்டே விட்டேன். அவள் என் பழைய ஆல்பத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"ஏலே, இது ஒங்க அத்தான் கை."

அத்தான் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போய்வந்தவர். ஊரில் இருந்தால் எந்தக் கல்யாணத்திலும் வாளியைத் தூக்கிவிடுவார். போட்டோவுக்குக் கூப்பிட்டால், "நானும் மேடையில ஏறிட்டா சோறு யாரு போடுவா?" என்பார். என் கல்யாணம் முடிந்ததும் போன பயணத்தில் அந்தத் தோணி திரும்பவில்லை. அக்காவிடம் மிஞ்சியது அடையாள அட்டையில் ஒட்டிய முறைத்த முகம்தான். சிரித்த முகம் எங்கேயும் இல்லை. அன்று கைக்குழந்தையாக இருந்த அவள் மகன் இப்போது கப்பல் வேலைக்குப் போகிறான். கல்யாண வீட்டில் அவனும் பந்தியில்தான் நிற்பான். அவனையாவது முகத்தோடு எடுக்கிற ஆள் வேண்டும் அவளுக்கு.

மூன்றாவது கடைக்காரர், "கேண்டிட் வேணுமாக்கா?" என்று கேட்டார்.

"கேண்டிலா? மெழுகுதிரியெல்லாம் மாதா கோயில்லயே இருக்கு தம்பி. நீங்க படத்த எடுங்க."

"கேண்டில் இல்லக்கா, கேண்டிட். ஆளுக்குத் தெரியாம எடுக்குத படம்."

"தெரியாம எடுத்தா அது களவுல்லா?"

அவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. "அப்ப வாளியத் தூக்கிட்டு ஓடுதவனையும் எடுப்பியளா? மூஞ்சியோட?"

"மூஞ்சி இல்லாம என்னக்கா படம்?"

அங்கேயே தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

ஆல்பம் வந்தது. அக்கா மகன் வாளியோடு திரும்பி, யார் செய்த கேலிக்கோ வாய்விட்டுச் சிரிக்கிறான். படம் எடுத்தது அவனுக்குத் தெரியவே தெரியாது. நான் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, கையப் பாரு" என்றாள் அக்கா.

கட்டைவிரல் வாளியின் பிடிக்கு மேலே நிமிர்ந்து நின்றது. தகப்பனைப் பார்த்த நினைவே இல்லாதவனுக்கு அது எப்படி வந்தது? இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவன் இப்போது கடலில் இருக்கிறான். இரண்டு படங்களும் கண்ணாடிச் சட்டம் போட்டு அக்கா வீட்டுச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. கடை கடையாக ஏறி முகம் கேட்டவள்தான். ஆனால் இரண்டு கண்ணாடியிலும் கை இருக்கிற இடம்தான் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது.